ஏட்டையா வீட்டு அஸ்திவாரச் சுவர்

பிளாக் கல்லில் அஸ்திவாரச் சுவர் எழுப்புவதை கம்ப்யூட்டரில் எப்படிச் செய்வது என்று உங்களுக்குச் சொல்லித்தரத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எந்த இடத்தில் அழுத்தினால் சுவரின் கனம் மாறும், எங்கே கொடுத்தால் கல் வரிசை விழும் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போன பிறகு அந்த மென்பொருள் முகமே மாறிவிட்டது என்கிறார்கள். அதனால் அதை விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு சுவரைப் பற்றிச் சொல்கிறேன். அது நான் வரைய மாட்டேன் என்று சொன்ன சுவர்.

தென்காசியில் வீட்டுப் படம் போட்டுப் பிழைத்தவள் நான். டிராயிங் போர்டில் தொடங்கி கம்ப்யூட்டரில் முடித்தேன். என்னிடம் வந்தவர்களில் போலீஸ்காரர்களும் ராணுவக்காரர்களும்தான் அதிகம். லீவில் வந்து மனையைப் பார்ப்பார்கள், லீவு முடிவதற்குள் படம் வேண்டும் என்பார்கள். வீட்டைத் திரையில் நிறுத்தி, சுற்றிச் சுற்றிக் காட்டினால் பெரிய மீசைக்காரர்கள்கூடக் குழந்தை மாதிரி சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே நான் நிறைய வேலை செய்திருக்கிறேன்.

ஒரு மாசி மாதம் கோமதி வந்தாள். ஆலங்குளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். கணவன் ராணுவத்தில் இருந்து, நோயில் இறந்துபோனவன். ஒரே மகள், நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். வாடகை வீட்டிலேயே காலம் போனது போதும், சின்னதாக ஒரு வீடு கட்ட வேண்டும் என்றாள். மனை, குற்றாலத்திலிருந்து ஐந்தருவி போகும் சாலையில் பிரிகிற மண் பாதையில் இருந்தது. அவளுடைய அப்பா தன் நிலத்தை மகனுக்கும் மகளுக்கும் சரிபாதியாக எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். மேடாக, பாதையை ஒட்டி இருந்தது அண்ணனுக்கு. அதற்குப் பின்னால் சரிவில் ஓடை வரை இறங்கி இருந்தது இவளுக்கு. பக்கவாட்டில் ஒரு சந்து வழியாகத்தான் இவள் மனைக்குப் போக வேண்டும்.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, இது எங்கண்ணனுக்குத் தெரியக் கூடாது. கல்யாணத்துக்கு நகை போட்டுத்தான அனுப்பினோம், நிலத்த விட்டுக்குடுன்னு கையெழுத்து கேட்டான். அவுக இருந்திருந்தா போட்டுக் குடுத்திருப்பேன். அவுக போன பொறவு நானும் எம்புள்ளையும் எங்கன போவோம்? மாட்டேன்னுட்டேன். அன்னைக்கு நின்ன பேச்சுதாம்."

"எப்படியும் தெரியத்தானே செய்யும் கோமதி?"

"வானம் தோண்டுத அன்னைக்குத் தெரியட்டும். அதுக்கு முன்ன தெரிஞ்சா மனசு மாத்த ஆள் விடுவான். எனக்கும் மாறிரும்க்கா. அண்ணன்லா."

அஸ்திவாரக் குழியை நம் பக்கம் வானம் என்றுதான் சொல்வோம். சரி, என் வாயிலிருந்து வராது என்று வாக்குக் கொடுத்தேன். இரண்டு அறை, ஒரு சமையலறை. மகளுக்கு என்று ஓர் அறை. அந்த அறையை மேட்டுப் பக்கம் வைத்து, அதற்கு ஒரு பெரிய ஜன்னல் கேட்டாள். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும் என்றாள். படம் முடித்துக் கொடுத்தேன்.

பங்குனி கடைசியில் ஒரு பெரியவர் படியேறி வந்தார். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், பெயர் சங்கரபாண்டி. ஊரில் எல்லோருக்கும் ஏட்டையா. ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வந்தால் தங்குவதற்கு வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை இழுக்க வேண்டும். பின்பக்கம் சரிவு. எல்லையில் பிளாக் கல்லால் சுவர் எழுப்பி, மண்ணைக் கொட்டி, வீட்டுத் தரைக்குச் சமமாகப் பேஸ்மட்டம் தூக்க வேண்டும் என்றார். மனை ஐந்தருவி போகும் சாலையில், மண் பாதையில். அவர் சொல்லச் சொல்ல எனக்குத் தெரிந்துவிட்டது. கோமதியின் அண்ணன்.

அவர் அளவு கொடுத்துவிட்டுப் போனதும் வேலையை ஆரம்பித்தேன். ஒரு பிளாக் சுவரை நீங்கள் மாடல் செய்யும்போது மென்பொருள் உங்களுக்கு இரண்டு பொய் சொல்லும். கல் மாதிரி மேல்பூச்சு கொடுத்தால் கல் சுவர் மாதிரியே தெரியும், ஆனால் உள்ளே அது கெட்டியான ஒரே பாளம். ஹாலோ பிளாக் கல்லின் நடுவில் இருக்கிற பொள்ளல் அதற்குத் தெரியாது. அந்தப் பொள்ளலில் கம்பி விட்டு கான்கிரீட் நிரப்பியிருக்கிறோமா, வெறுமனே விட்டிருக்கிறோமா என்பதும் தெரியாது. திரையில் இரண்டும் ஒரே மாதிரி அசையாமல் நிற்கும். இரண்டாவது பொய், மனையின் எல்லைக்கு வெளியே அது தானாகவே பச்சைப் புல்லைப் போட்டுவிடும். அங்கே யாருமே இல்லை என்பதுபோலக் கண்ணுக்கெட்டியவரை புல்.

ஏட்டையாவின் படத்தில் சுவருக்குக் கீழே புல் இருந்தது. கோமதியின் படத்தில் மகள் அறை ஜன்னலுக்கு வெளியே புல் இருந்தது. நான் இரண்டையும் எடுத்து ஒரே நிலத்தில், உள்ள சரிவோடு வைத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்.

அண்ணன் கேட்கிற சுவர் எல்லைக்கோட்டின் மேலேயே, ஆள் உயரத்துக்கு மேல், முழுக்க மண்ணைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. அதற்கு நேர் கீழே அந்தப் பெண்ணின் கட்டில். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியாது, சாம்பல் நிறக் கல் தெரியும். அது போகட்டும். சாரல் காலத்தில் அந்த மண் தண்ணீர் குடித்து ஊதினால் அந்தச் சுவர் எந்தப் பக்கம் போகும் என்பதற்கு எனக்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை.

இப்போது சொல்லுங்கள், நீங்கள் என்ன செய்வீர்கள்? தங்கைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அண்ணனும் நம்பி வந்த வாடிக்கையாளர். ஒருவர் வீட்டுச் சங்கதியை இன்னொருவர் வீட்டுக்குக் கொண்டுபோனால் நாளைக்கு நம் படியை யாரும் மிதிக்க மாட்டார்கள்.

ஆலங்குளத்துக்கு பஸ் ஏறினேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். கோமதி கை கழுவிவிட்டு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். அண்ணன் வந்ததை நான் சொல்லவில்லை. மேட்டுப் பக்கம் யாராவது சுவர் எடுத்து மண் போட்டால் உன் வீட்டுக்கு ஆபத்து, அதனால் நீ கட்டப் போவதை மேலே உள்ளவர்களுக்குச் சொல்ல அனுமதி கொடு என்று மட்டும் கேட்டேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன்.

"எங்கண்ணன் கல்லாலடிக்கிற ஆளில்லக்கா. கோவக்காரன், அவ்வளவுதாம். ஆனா இப்ப சொல்லாதீய. வாஸ்து நாள் வரைக்கும் பொறுங்க. ஒரே ஒரு கல்ல நட்டுட்டேன்னா, பொறவு நானே போயிச் சொல்லுவேன்."

அனுமதி இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். ரகசியத்தைக் காப்பது வேறு, ஆபத்தை மறைப்பது வேறு. ஆள் பெயரைச் சொல்லாமல் ஆபத்தை மட்டும் சொல்ல முடியும். அப்படி ஒரு வழி இருப்பது எனக்கு வேலைக்கு வந்து இத்தனை வருடம் கழித்து அந்த பஸ்ஸில்தான் தெளிவாகத் தெரிந்தது.

மறுநாள் ஏட்டையா வந்தார். திரையில் சுவரைக் காட்டினேன். அதற்குக் கீழே, புல்லை எடுத்துவிட்டு, வெறும் சதுரமாக ஒரு வீட்டை வைத்திருந்தேன். கோமதியின் வீடு அல்ல, பெயரில்லாத ஒரு வீடு.

"இது எவன் வீடு மேடம்?"

"யார் வீடும் இல்ல ஏட்டையா. கீழே ஒருநாள் யாராவது குடியிருப்பாங்கன்னு வச்சுத்தான் நான் இந்தச் சுவரைப் போடுவேன். எல்லையிலிருந்து தள்ளி வைக்கணும். பொள்ளல்ல கம்பி விட்டு கான்கிரீட் நிரப்பணும். பின்னால ஜல்லி போட்டு, தண்ணி வெளிய போகக் குழாய் வைக்கணும். இன்ஜினியர்கிட்ட கணக்குப் போட்டு வாங்கித் தாரேன்."

"தள்ளி வச்சா ரெண்டு ரூம் வராதுல்லா."

"ஒரு ரூம் வரும்."

"சம்பந்தக்காரங்கள ஒரு ரூம்லயா அடைக்கது? கீழ வெறும் காடுதான் மேடம் கெடக்கு. எந்தங்கச்சி பங்கு. அவ எங்க கட்டப் போறா?" என்றவர், சட்டென்று நிறுத்தி என்னைக் கூர்ந்து பார்த்தார். எத்தனை பேரை விசாரித்த கண். "ஏன், அவ இங்கன வந்தாளா?"

"ஏட்டையா, நீங்க ரெண்டு ரூம் கேட்டீங்கன்னு நான் வேற யார்கிட்டயாவது சொன்னா உங்களுக்குப் பிடிக்குமா? இங்க வர்ற யாரைப் பத்தியும் நான் யார்கிட்டயும் பேசறதில்ல. ஆனா எல்லையில வெறும் பொள்ளல் கல்ல நிறுத்தி மண்ணக் கொட்டுற படத்தை நான் தர மாட்டேன்."

அவர் எழுந்தார். கோபம் முகத்தில் இருந்தது, ஆனால் மரியாதை குறையவில்லை. "நீங்க வரையாட்டி என்ன மேடம்? கொத்தனாருக்குச் சுவர் எடுக்கத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கொத்தனாருக்குத் தெரிந்திருந்தது. சொன்னபடி எடுத்துக் கொடுத்தார்.

வைகாசி வாஸ்து நாளன்று பூஜைக்கு கோமதி என்னை அழைத்திருந்தாள். சந்து வழியாக இறங்கிப் போனபோது அந்தச் சுவரைக் கீழே இருந்து பார்த்தேன். பூச்சு இல்லாத சாம்பல் கல், வரிசை வரிசையாக, என் தலைக்கு மேல் போயிற்று. தண்ணீர் வெளியேற ஓர் ஓட்டைகூட இல்லை. மேல் விளிம்பு வரை செம்மண் கொட்டி மட்டம் தட்டியிருந்தது. கோமதி பூஜைத் தட்டோடு நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் நின்றாள்.

"நீங்க வேப்பமரத்தடியில கேட்டது இதுக்குத்தானாக்கா?"

நான் தலையாட்டினேன்.

மேலே மண் தளத்தில் ஏட்டையா வந்து நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கீழே பார்த்தார். தங்கை தேங்காய் உடைப்பதைப் பார்த்தார். திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார். கோமதி தலையைத் தூக்கவே இல்லை. ஒரே ஒரு கல்லை நட்டதும் நானே போய்ச் சொல்லுவேன் என்றவள், கல்லை நட்ட பிறகும் போகவில்லை. அன்று அவளை நான் வற்புறுத்தியிருந்தால் அவள் அழுதிருப்பாள். அதனால் வேறு வழி பார்த்தேன். வானம் தோண்டுவதை ஓடைப் பக்கமிருந்து ஆரம்பிக்கட்டும், சுவரை ஒட்டிய மகள் அறைக்குக் கடைசியாக வரட்டும் என்று அவள் கொத்தனாரிடம் சொல்லிவிட்டு வந்தேன். மேலே போய் ஏட்டையா வீட்டுக் கதவையும் தட்டினேன். அவர் மனைவிதான் வந்தார். "மழைக்கு முன்னால் மண்ணைக் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கம்மா" என்றேன். "சொல்லுதேன். நாஞ்சொன்னா கேப்பாகளா?" என்றார்.

சாரல் பிடித்துக்கொண்டது. அந்த வருடம் நல்ல சீசன். ஊரெல்லாம் அருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று சந்தோஷப்பட, நான் மட்டும் மேகத்தைப் பார்த்து நொந்துகொண்டிருந்தேன். இரவு முழுக்கப் பெய்து விடிந்த ஒரு காலையில் கோமதி போன் செய்தாள்.

"அக்கா, சுவரு வேர்க்குது. கல்லுக்கு இடையிலருந்து தண்ணி கசியுது. நடுவுல வயிறு மாதிரி தள்ளிட்டு நிக்கி."

"கீழ யாரு இருக்காங்க?"

"ஆளுக எல்லாம் நிக்காங்க. பாப்பா ரூமுக்கு வானம் நேத்தே தோண்டியாச்சு, இன்னைக்குக் கல்லு கட்டணும்."

"எல்லாரையும் ஓடைப் பக்கம் போகச் சொல்லு. மம்பட்டிய எடுக்கக்கூடத் திரும்ப வேண்டாம். நான் வாரேன்."

ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. வேலையாட்கள் ஓடைப் பக்கம் ஒதுங்கி நின்றார்கள். மேலே ஏட்டையா, குடையில்லாமல் நனைந்துகொண்டு, சுவரின் விளிம்பை எட்டிப் பார்த்தபடி நின்றார். மண் தளத்தில் தண்ணீர் குளமாக நின்றது. அவருடைய கொத்தனாரும் கூட நின்றார்.

"மேடம், சவுக்குக் கட்டை இருக்கு," என்று மேலிருந்து கத்தினார் ஏட்டையா. "கீழ இருந்து நாலு ஆள் முட்டுக் குடுத்தா நின்னுரும். பொறவு நீங்க சொன்ன மாதிரி செஞ்சிருவோம்."

கட்டைகளைக் கீழே தள்ளியும் விட்டார். என்னைச் சுற்றி எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். முட்டுக் கொடுத்தால் நிற்கக்கூடும். நின்றால் ஒரு கல்யாண வீட்டின் வேலை காப்பாற்றப்படும். நிற்காவிட்டால் கட்டையைப் பிடித்திருக்கிறவர்கள் அந்த வானத்துக்குள்ளேயே போவார்கள். இப்படி ஒரு நேரத்தில் உங்களுக்குக் கணக்குப் போட நேரம் இருக்காது. ஒரே கேள்விதான் கேட்டுக்கொள்ள முடியும்: இது தப்பாகப் போனால் எதை நம்மால் திரும்பக் கட்ட முடியும்?

"யாரும் கீழ போகக் கூடாது," என்றேன். "சுவர் போனா போகட்டும் ஏட்டையா."

"எம்மக கல்யாணம் மேடம்!" என்றார். அவர் குரல் உடைந்தது. அதுவரை அந்தக் குரலை நான் அப்படிக் கேட்டதில்லை.

நான் பதில் சொல்வதற்குள், என் பக்கத்தில் நின்ற கோமதி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். நேராகப் போய் ஒரு சவுக்குக் கட்டையைத் தூக்கினாள். "வாங்கய்யா, ஒரு கை பிடிங்க. எங்கண்ணன் வீட்டுக் கல்யாணம்" என்று ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டே சுவரடியில் இருந்த வானத்துக்குள் இறங்கினாள்.

"கோமதி!" என்று நான் கத்தியது மழையில் கேட்டதா தெரியவில்லை. மேலிருந்து வந்த சத்தம்தான் எல்லோரையும் உலுக்கியது.

"ஏட்டி கோமு! வெளிய வாட்டி! அதைப் போட்டுட்டு வெளிய வா!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை வருடத்துக்குப் பிறகு அவர் அவளோடு பேசிய முதல் பேச்சு அது. அவள் அசையவில்லை. கட்டையைப் பிடித்தபடியே, "நீ மொதல்ல பின்னால போண்ணே. ஓரத்துல நிக்கிற," என்றாள்.

"நான் போறேன்லா. நீ வா. சுவரு கெடக்கு சவம், விழட்டும். நீ வா தாயி."

கட்டை அவள் கையிலிருந்து நழுவியது. நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

பிறகு மேலே போனேன். ஏட்டையா மம்பட்டியோடு நின்றார். விளிம்புப் பக்கம் போகாமல், வீட்டை ஒட்டிய பக்கத்தில் மண்ணை வெட்டி, தேங்கிய தண்ணீரைச் சந்துக்குத் திருப்ப வேண்டும் என்றேன். கொத்தனாரிடம்கூடக் கொடுக்காமல் அவரே வெட்டினார். தண்ணீர் சிவப்பாக ஓடிக் குறைந்தது. ஆனால் மண் ஏற்கெனவே நிறையக் குடித்திருந்தது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், யாரும் எதிர்பாராத மெதுவான ஒரு சத்தத்தோடு, சுவரின் நடுப்பகுதி குனிந்து கீழே இறங்கியது. கல்லும் செம்மண்ணும் மகள் அறையின் வானத்தை விளிம்பு வரை மூடின.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஏட்டையா அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்குள்ளதான நின்னா," என்றார். அவர் மனைவி ஒரு துண்டை எடுத்துக்கொண்டு சந்து வழியாகக் கீழே இறங்கிப் போய், கோமதியின் தலையைத் துவட்டிவிட்டார்.

சுவர் விழுந்ததால் அண்ணனும் தங்கையும் சேர்ந்துவிட்டார்கள் என்று நான் கதை சொல்ல வரவில்லை. அடுத்த வாரம் இரண்டு பேரும் என் அலுவலகத்துக்கு வந்தபோது ஆளுக்கொரு மூலையில்தான் உட்கார்ந்தார்கள். என்னைப் பார்த்துத்தான் பேசினார்கள். "இந்த ஓரத்துல அவ என்ன வைக்கா?" என்று என்னிடம் கேட்பார். "அவன்கிட்ட சொல்லுங்கக்கா, அது சமையல்கட்டு" என்பாள் அவள். நடுவில் திரையில் இரண்டு வீடும் ஒரே சரிவில் நின்றன. இந்த முறை இருவரின் அனுமதியோடும் ஒரே படமாகப் போட்டிருந்தேன்.

ஏட்டையா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டத்தில் வந்தார். "மருமக ரூமு எது?" என்றார். தங்கை மகளைத்தான் அப்படிச் சொன்னார்.

காட்டினேன். அறைக்குள் போய் நின்று ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பதுபோலத் திருப்பினேன். அவர் கேட்டிருந்த இடத்தில் பழைய சுவரை வைத்தேன். திரை முழுக்கச் சாம்பல் கல்.

"பிள்ளைக்கு மல தெரியாதே," என்றார். பிறகு, "இதைப் பின்னால இழுங்க மேடம்."

கொஞ்சம் இழுத்தேன்.

"இன்னும் இழுங்க."

"ஒரு ரூம்கூடச் சின்னதாத்தான் வரும் ஏட்டையா."

"இழுங்க. சம்பந்தக்காரங்களுக்குக் குத்தாலத்துல லாட்ஜா இல்ல?"

மூலையிலிருந்து கோமதி முதல்முறையாக நேராக அவரிடம் பேசினாள். "ரெண்டு படியா எறக்கிக் கட்டலாம்லாண்ணே. மொத படி குட்டையா இருந்தா மேல மல தெரியும்."

அப்படித்தான் கட்டினோம். தெரிந்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கணக்கு வாங்கி, இரண்டு படியாக, ஒவ்வொரு பொள்ளலிலும் என்ன இருக்கிறது என்பதைத் தனி நிறத்தில் காட்டி, பின்னால் ஜல்லி, அடியில் வரிசையாகக் குழாய்கள். அந்தக் குழாய்களின் வாய் கோமதியின் மனைப் பக்கம்தான் வர வேண்டியிருந்தது. அவள் சம்மதம் இல்லாமல் அதை வைக்க முடியாது. கேட்டேன். "எங்கப்பா நிலத்துத் தண்ணிதான. வரட்டும். ஓடைக்கு ஒரு வாய்க்கா மட்டும் வெட்டிக் குடுங்க" என்றாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பின்கட்டு அறை முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் லாட்ஜில் தங்கி அருவியில் குளித்துவிட்டு மிகவும் சந்தோஷமாகப் போனார்கள். மணமேடையில் அத்தை செய்ய வேண்டியதையெல்லாம் கோமதிதான் செய்தாள். தை மாதம் அவள் வீடும் முடிந்தது.

உங்களில் யாராவது நாளைக்கு ஒரு சுவரை வரையும்போது அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஒரு தரம் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தால் எனக்குப் போதும். வரைய மாட்டேன் என்று சொல்லிவிட்டால் நம் வேலை முடிந்துவிடாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் வரையாத சுவரும் எழும்பத்தான் செய்யும். அதனால் போய்ப் பாருங்கள், கதவைத் தட்டுங்கள், போனை எடுங்கள்.

அதற்கடுத்த சாரல் காலத்தில் கோமதி போனில் பேசும்போது ஒரு விஷயம் சொன்னாள். மழை பெய்தால் போதும், அண்ணன் சந்து வழியாக இறங்கி வந்துவிடுகிறாராம். குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று ஒவ்வொரு வாயாகக் குனிந்து பார்க்கிறாராம். "மேடம் பாக்கச் சொன்னாங்க" என்று என் பெயரைச் சொல்கிறாராம். நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. சொன்னதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒரு பங்குனியில் நான் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். ஐந்தருவியில் பாறைதான் தெரிந்தது, தண்ணீர் இல்லை. மண் பாதையில் கால் வைக்க முடியாத சூடு. நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் கேட் சத்தம் கேட்டது. ஏட்டையா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். நேராகச் சுவரடிக்குப் போனார். காய்ந்து வெளுத்துக் கிடந்த குழாய் வாய்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார்.

"என்ன ஏட்டையா, இந்த வெயில்ல?" என்றேன்.

என்னை அங்கே எதிர்பார்க்கவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு, துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"ஒண்ணுமில்ல மேடம். தண்ணி வருதான்னு பாக்க வந்தேன்."

கோமதி எழுந்து, அவருக்கும் சேர்த்து டீப் போட உள்ளே போனாள்.